மாப்பிள்ளையின் கைவண்ணம்

ஓடுபாதையோரம் இருந்த நான்கு விளக்குகளும் வெள்ளையாக எரிந்தன. விமானம் ரொம்ப உயரத்தில் வருகிறது என்று அர்த்தம். கேப்டன் அதைப் பார்த்தும் பார்க்காதவர் போல இருந்தார்.

"சார், ஆட்டோபைலட்டைப் போட்டுடலாமா?" என்று துணை விமானி பவ்யமாகக் கேட்டாள்.

"வானம் பளிச்சுனு இருக்கு. கண்ணு எதுக்கும்மா இருக்கு?"

கண் இருந்தது. பழக்கம்தான் இல்லை. முழுக்கக் கையால் இறக்கி எத்தனையோ வருடமாயிற்று. இன்றைய வீம்புக்குக் காரணம் மாமனார். ஆயுசு முழுக்க லாரி ஓட்டியவர். சாப்பாட்டு மேஜையில் நாலு பேர் முன்னிலையில், "பொத்தானை அமுக்கிட்டுச் சும்மா உக்கார்றதுக்குப் பேரு ஓட்டுறதா மாப்பிள்ளை?" என்று கேட்டுவிட்டார். மனைவி வேறு சிரித்துத் தொலைத்தாள். அன்றிலிருந்து கேப்டனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தன் விமானத்திலேயே மாமனாருக்கு ஜன்னலோர இருக்கை வாங்கிக் கொடுத்துவிட்டார்.

இறங்க முடியாமல் மறுபடி மேலே ஏறினார்கள். ஓடுபாதையில் நாய் குறுக்கே வந்துவிட்டதாகக் கேப்டன் அறிவித்தார்.

இரண்டாவது முறை உயரத்தைக் குறைக்கிறேன் பேர்வழி என்று அவர் அழுத்திய அழுத்தில் நான்கு விளக்குகளும் சிவப்பாகிவிட்டன. ரொம்பத் தாழ்வு. இயந்திரமே வாய் திறந்து, மேலே ஏறு, மேலே ஏறு என்று அதட்டியது. பின்னால் பயணிகள் அவரவர் கடவுளை உரக்கக் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை பழி காற்றின் மேல் விழுந்தது. கீழே ஓர் இலைகூட அசையவில்லை.

"இதுவும் தப்பினா வேற ஊருக்குத்தான் சார் போகணும். இங்கயே இன்னொரு சுத்து சுத்த எரிபொருள் பத்தாது." துணை விமானியின் குரலில் இப்போது பவ்யம் இல்லை.

வேறு ஊரில் கொண்டுபோய் இறக்கினால் மாமனார் காலத்துக்கும் சொல்லிக் காட்டுவார். கேப்டன் சத்தமில்லாமல் ஆட்டோபைலட் பொத்தானை அமுக்கினார். விமானம் பூப்போலத் தரையில் உட்கார்ந்தது.

"யார்கிட்டயும் சொல்லிடாதம்மா."

தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பாராட்டை வாங்கக் கதவருகே போய் நின்றார். பயணிகள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். ஒரு குழந்தை மட்டும் இன்னொரு சுற்று கேட்டு அழுதது. கடைசி ஆளும் போயாயிற்று. மாமனாரைக் காணோம்.

"எங்கம்மா அவரு? மயங்கிக் கிடக்குறாரா?" என்று பணிப்பெண்ணிடம் கேட்டார்.

அவள் தயங்கினாள். "அவர் வரவே இல்ல சார். கதவைச் சாத்துறதுக்கு முன்னாடி, இன்னிக்கு உங்க மாப்பிள்ளை மெஷினை நம்பாம கையாலயே இறக்கப் போறார்னு பெருமையாத்தான் சொன்னேன். பையைத் தூக்கிட்டு இறங்கிட்டார்."