கைடு சாரின் சாக்கு

ஒரு சனிக்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு, வெள்ளறடையில் எங்கள் வீட்டு வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. முதலில் வெளியே வந்தது ஒரு பெரிய துணிப்பை. அதன் பின்னால் என் ஆய்வு நெறியாளர், எங்கள் வீட்டுப் பேச்சில் கைடு சார். சன்னல் வழியாக நான் நெறியாளரைப் பார்த்தேன். என் நான்கு வயது மகள் ஆன்சி பையைப் பார்த்தாள்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நான் அப்போது பாறசாலைப் பக்கம் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். அதற்கு முன் நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியர். செய்தி என்றால் தேநீர் ஆறுவதற்குள் எழுதிவிடுவேன். முனைவர் பட்ட ஆய்வேட்டின் கடைசி இயலை மட்டும் ஒரு வருடத்துக்கு மேலாக எழுதிக்கொண்டிருந்தேன். ஆன்சி ஓர் உருண்டைச் சோற்றை விழுங்குகிற நேரத்தில் அதில் ஒரு பக்கம் எழுதிவிடலாம்தான். ஆனால் உருண்டையை யார் ஊட்டுவது?

பூச்சாண்டிக்கு அவள் பயப்படவில்லை. போலீசுக்கு டாட்டா காட்டுகிற ரகம். ஆனால் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தாள்: போனில் கைடு சார் கூப்பிட்டால் அம்மா எழுந்து நிற்கிறாள், முகம் வெளுக்கிறது. ஒரு நாள் சோற்றைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்தபோது போன் அடித்தது. என் முகத்தைப் பார்த்தவள் மடக்கென்று விழுங்கினாள். (ஆய்வாளர் என்பதால் எனக்கு அந்த ஒரு சான்றே போதுமாக இருந்தது.)

அன்று முதல் கைடு சார் கையில் ஒரு சாக்கு வந்துவிட்டது. "தின்னாத பிள்ளையளெ சாக்கிலெ கெட்டித் தூக்கிட்டுப் போவாரு, கேட்டியா?" என்று ஊட்டினேன். உண்மையில் அவர் மாணவரைக் கண்டிக்க வேண்டி வந்தால் முதலில் மன்னிப்புக் கேட்பவர்.

அந்த மாதக் கடைசியில் என் ஆய்வுப் பதிவு காலாவதியாக இருந்தது. அதற்குள் ஆய்வேடு போகாவிட்டால் பட்டமும் இல்லை, நிரந்தர வேலையும் இல்லை. "கடைசி இயல் ரெடியாக்கும் சார்" என்று போனில் சொல்லியிருந்தேன். (தலைப்பு ரெடி.) காரக்கோணத்தில் உறவினரைப் பார்க்க வந்தவர், திருத்திய பழைய இயல்களைத் தந்துவிட்டுப் புதியதை வாங்கிப் போகலாம் என்று சொல்லாமல் வந்துவிட்டார்.

ரப்பர் தோட்டத்திலிருந்து வந்து, மரச்சீனிக் கிழங்குக்கும் மீன் கறிக்கும் முன்னால் அப்போதுதான் உட்கார்ந்த என் கணவர் சுனில் எழுந்தார்.

"வாங்க சாரே, இரிங்க! மக்கா, பாரு, அம்மைக்க கைடு சாராக்கும் வந்திருக்கது."

ஆன்சி அப்பாவின் தட்டை இழுத்தாள். இரண்டு கைகளாலும் கிழங்கை வாய்க்குள் திணித்தாள். காரத்தில் கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்தது. நிறுத்தவில்லை. காலித் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள்.

"சாரே, நான் தின்னாச்சு! என்னெ சாக்கிலெ கெட்டாதீங்க!"

சார் பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்பன் இன்னும் தின்னல்ல. அப்பனெ கெட்டிட்டுப் போங்க."

"எட்டி, எனக்க கெழங்கெத்தானெ நீ தின்னது!" என்றார் சுனில்.

அப்பா ஒருவர் போதாது என்று நினைத்தாளோ என்னவோ, அடுத்த ஆளையும் காட்டிக்கொடுத்தாள்.

"அம்மெயெயும் கெட்டுங்க. அம்மெ ஒண்ணும் எழுதல்ல. போன்லெ உங்ககிட்டெ சும்மா சொன்னதாக்கும்."

பழைய தொழில் முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: நேரில் கண்ட சாட்சி, தகவல் முற்றிலும் சரி.

சார் தரையில் ஆன்சிக்கு எதிரே உட்கார்ந்து பையைத் திறந்து காட்டினார்.

"பாரு மக்கா, இதிலெ ஆளுக்கு எடமில்ல. எல்லாம் அம்மெ எழுதினதாக்கும்."

"இனி எழுதினா?"

"அதுக்கு மட்டும் கொஞ்சம் எடம் உண்டு."

நான் பிள்ளையின் காய்ச்சல், பரீட்சைத் தாள், மின்வெட்டு என்று வரிசையாகத் தொடங்கினேன். அவர் கையமர்த்தினார். மன்னிப்புக் கேட்கவில்லை.

"அடுத்த சனிக்கிழமெ வாறேன்," என்றார் அதே மெல்லிய குரலில். "தின்னாதவங்களெயும் எழுதாதவங்களெயும் கொண்டு போவேன்."

பையை மேசை மேல் வைத்துவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டார்.

அந்த வாரம் முழுவதும் அது மேசையை விட்டு நகரவில்லை. ஒரு பக்கம் ஆன்சி தானாக அள்ளித் தின்றாள். மறுபக்கம் நான் எழுதினேன். சுனில் சமைத்தார், துவைத்தார், எங்களைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்.

"தாயும் பிள்ளையும் ஒரே ஆளுக்குப் பயப்பிடுத வீடு, நெய்யாற்றின்கரை வரெ தேடினாலும் இது ஒண்ணுதானாக்கும்."

சனிக்கிழமை சார் இயலோடு போனார். பட்டம் வந்தது, வேலையும் வந்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது எதையாவது தள்ளிப்போட்டால், மற்ற இருவரும் வாசலைப் பார்த்து "ஆட்டோ வந்தாச்சு" என்பார்கள்.

நான் இப்போது நெறியாளர். என்னிடம் ஆய்வு செய்பவர்களில் இரண்டு பேருக்குச் சிறு குழந்தைகள் உண்டு. ஒருத்தி காரக்கோணத்தில் இருக்கிறாள், ஒருத்தி ஒற்றசேகரமங்கலத்தில். இருவரும் இதுவரை என்னை வீட்டுக்கு அழைத்ததில்லை.