ஒட்டு விடவில்லை, மச்சான்

தாராவி,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் அப்துல் ஹாதி அவர்களுக்கு, தங்கை மாப்பிள்ளை ஜெயினுலாப்தீன் சலாம் கூறி எழுதுவது. இங்கே நானும் மகள் சஃப்ரீனும் நலம். என் சைக்கிள் கடையும் நலம். அடுப்படி ஒன்றுதான் நலமில்லை. உங்கள் தங்கச்சி நூர் நிஷா உல்லாஸ்நகரில் உங்கள் வீட்டில் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, நான் இங்கே இரண்டு வேளையும் வடாபாவ் தின்கிறேன். உங்களுக்குப் போன் பண்ணினால் அவளே எடுத்து, "ராங் நம்பர்" என்கிறாள். எனக்கு அந்தக் குரல் தெரியாதா? ஆகவே கடிதம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. விஷயம் நமக்குள்ளேயே இருக்கும்.

நடந்ததை நியாயமாகச் சொல்கிறேன். லோனாவாலா வரை சைக்கிளிலேயே போகிற பேங்க் மேடம் ஒருத்தி கடைக்கு வந்தாள். கூடாரம், பாய், டார்ச், பம்ப் எல்லாவற்றையும் பழைய ட்யூபில் வெட்டிய வளையங்களாலேயே வண்டியில் கட்டியிருந்தாள். "அங்கிள், புரானா ட்யூப் ஃபேக்னே கா நஹி", பழைய ட்யூபைத் தூக்கிப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்குப் பிடித்தது எனக்குப் பைத்தியம். கத்தரிக்கோலை எடுத்து வெண்டைக்காய் நறுக்குவதுபோல் நறுக்கித் தள்ளினேன். குடைக்கு ஒரு வளையம், பாய்ச்சுருளுக்கு ஒன்று, டூல் பைக்கு ஒன்று, சரியாக மூடாத ஃபிரிட்ஜ் கதவுக்கு நாலைந்தைக் கோத்து ஒன்று. நூர் நிஷா ஃபிரிட்ஜைத் திறக்கப்போய் அந்த வளையம் தெறித்து அவள் கன்னத்தில் பட்டென்று அடித்தது. "நாளைக்கு என்னையும் சுருட்டி ரப்பர் போட்டு லாஃப்ட்ல ஏத்திருவிய போல" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள் மச்சான், அதுவரை கோபமே இல்லை.

பிறகுதான் உங்கள் பேரனுக்குப் பேர் வைக்கிற விசேஷம் வந்தது. விடியற்காலையிலிருந்து நின்று, கறியை வேகவைத்து மசாலா அரைத்து ஊற்றி, சட்டி நிறையக் கறியாணம் காய்ச்சினாள். இறக்கிய சூட்டோடு மூடியைத் துணி போட்டுக் கட்டுவோம் என்றாள். நான் விடுவேனா, இருப்பதிலேயே அகலமான வளையத்தை எடுத்தேன். அதில் நான் எப்போதோ போட்ட பஞ்சர் ஒட்டு ஒன்று இருந்தது. "ஒட்டு இல்லாத இடமாப் பாத்து வெட்டுங்களேன்" என்றாள். பஞ்சர் கடைக்காரனிடம் சொல்லுகிற வார்த்தையா மச்சான் இது? ஒட்டுள்ள இடம்தான் உறுதி என்று, அதையே மூடிமேல் எல்லாரும் பார்க்கிற மாதிரி மாட்டினேன்.

சயானில் ரயிலின் லக்கேஜ் டப்பாவில் ஏறினோம். கல்யாண் வரை ஒரு சொட்டு சிந்தவில்லை. உல்லாஸ்நகரில் இறங்கும்போது பின்னாலிருந்து தள்ளினார்கள் பாருங்கள், வளையம் படீரென்று அறுந்து, மூடி ஒரு மீன்காரம்மா கூடையில் விழுந்து, ஆணம் அத்தனையும் நூர் நிஷாமேல் கொட்டிவிட்டது. "யா அல்லாஹ்!" என்று கத்தினாள். நான் உடனே குனிந்து, ஆட்கள் காலுக்கிடையில் துழாவி வளையத்தை எடுத்துவிட்டேன். பார்த்தால், அறுந்தது ஒட்டுக்கு ஒரு விரல் தள்ளி! ஒட்டு ஜம்மென்று இருக்கிறது! இந்த நல்ல சேதியை அவளிடம் சொன்னேன், திரும்பிப் பாராமல் படியேறிப் போய்விட்டாள். விசேஷத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன். ஓத வந்த அஸரத்திடமும் காட்டினேன், "மாஷா அல்லாஹ்" என்றார். சாயங்காலம் கிளம்புவோம் என்று கூப்பிட்டால், "அந்த ஒட்டையே கூட்டிட்டுப் போங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

நானும் மனுஷன்தானே மச்சான். அவள் திட்டுச் சத்தம் கேட்காமல் வீடு வீடாகவே இல்லை. வீட்டிலுள்ள வளையங்களையெல்லாம் கழற்றிவிட்டேன், ஃபிரிட்ஜ் கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. தயவுசெய்து அவளுக்குப் புத்தி சொல்லி அனுப்பிவையுங்கள். ஒட்டு விடவில்லை என்பதற்கு அத்தாட்சியாக அந்த வளையத்தையும் உள்ளே வைத்திருக்கிறேன்.

வீட்டில் எல்லாருக்கும் சலாம். பேரப்பிள்ளை நோய்நொடி இல்லாமல் வளர துஆ செய்யும்,

ஜெயினுலாப்தீன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது சஃப்ரீன் வந்தாள். "வாப்பா, உம்மாக்கு வலது கை பூராக் கொப்புளம். இப்பதான் வீடியோ கால்ல பாத்தேன். சுடச்சுட ஆணம் கொட்டுச்சுல்லா, நீங்க கையப் பாத்தீங்களா, ட்யூபப் பாத்தீங்களா?" என்றாள். ட்யூபைத்தான் பார்த்தேன் மச்சான். விசேஷத்தன்று நீங்கள் என்னை ஓரமாகக் கூப்பிட்டீர்களே, அது இதைச் சொல்லத்தானா? உங்களிடமும் ஒட்டைத்தானே காட்டினேன், பாவி நான்! மேலே எழுதியதையெல்லாம் விட்டுத்தள்ளுங்கள். அவளுக்குப் புத்தி எதுவும் சொல்ல வேண்டாம். வளையத்தை உறையிலிருந்து எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டேன். தீக்காயக் களிம்பு வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலில் நானே வருகிறேன். கடிதமும் என் கையில்தான் வருகிறது, வாசலில் எனக்குப் பேச்சு வராது. அவள் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் ஒட்டைப் பற்றி வாயெடுத்தேனானால், என் காலை ஓங்கி மிதித்துவிடுங்கள்.