கோன்காரரும் மூச்சு வாங்கிய ஜீப்பும்

வண்டியிடம் அனுமதி கேட்டுவிட்டு பானெட்டைத் திறக்கிற மெக்கானிக் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். அவரும் எங்கள் அவிநாசிப் பக்கம்தான் இருந்தார். பம்பரைத் தொட்டு, "சித்தெ தொறக்கறனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க" என்பார். வண்டி எங்கே பதில் சொல்லப்போகிறது? ஆனால் சில நாள், "செரிங்க, அப்ப மத்தியானமாப் பாத்துக்கலாங்க" என்று அவர் பாட்டுக்கு எழுந்து போய்விடுவார். வண்டிக்குச் சொந்தக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்பார்.

பெயர் யாருக்கும் தெரியாது. கோன்காரர் என்றால்தான் தெரியும். நிட்டிங் கம்பெனியில் நூல் தீர்ந்ததும் தூக்கி எறிகிற அட்டைக் கோன் ஒன்றை எப்போதும் சட்டைக்குள் செருகியிருப்பார். அகன்ற பக்கம் எஞ்சின் மேல், குறுகிய பக்கம் தன் காதில். கண்ணை மூடிவிட்டாரென்றால் பக்கத்தில் இடி விழுந்தாலும் திறக்க மாட்டார். அந்தக் கோனை இன்னொருவர் தொடக் கூடாது. அவர் சம்சாரம் ஒருமுறை துடைத்து வைத்ததற்கு மூன்று நாள் ஊட்டுச் சாப்பாட்டைத் தொடவில்லை.

ஒருநாள் ஒரு நிட்டிங் கம்பெனிச் சுவரோரம் நடந்து போனவர், என்ன தோன்றியதோ, கோனைச் சுவரில் வைத்தார். உள்ளே போய் முதலாளியிடம், "மூணாவது மிஷின்ல ஒரு ஊசி ஒடைஞ்சிருக்குதுங்க" என்றார். "யாருய்யா இந்த ஆளு" என்று கேட்டுக்கொண்டே போய்ப் பார்த்தால், துணியில் நெடுகக் கோடு விழுந்துகொண்டிருந்தது.

இதாவது பரவாயில்லை. இன்னொரு நாள் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு சாயப்பட்டறைக்காரரின் நெஞ்சில் கோனை வைத்துக் கேட்டுவிட்டு, "இன்னைக்கே கோயமுத்தூர் போயிருங்க" என்று சொல்லியிருக்கிறார். சாயப்பட்டறைக்காரர் கெட்ட வார்த்தையில் திட்டினார். ஆனாலும் போனார். இரண்டு இடத்தில் அடைப்பு. அன்றிலிருந்து கோன்காரர் பேக்கரிக்குள் நுழைந்தால் பாதிப் பேர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நானும் கிளம்பியிருக்கிறேன், பொய் சொல்வானேன்.

அப்படிப்பட்டவரை நானே போய்க் கூப்பிட வேண்டி வந்தது. எல்லாம் எங்கள் அக்காவால்.

அக்காவும் மச்சானும் தோட்டத்துக்குள்ளேயே சின்னதாக ஒரு நிட்டிங் யூனிட் வைத்திருந்தார்கள். தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு ஒரு மண்தடம். நடுவில் பள்ளம். மழை பெய்தால் சேறு முழங்கால் வரை ஏறும், லாரி உள்ளே வராது. மச்சானின் பழைய ஜீப்பை, நாலு சக்கரமும் இழுக்கும்படி ஃபோர் வீலில் போட்டுத்தான் துணி ரோல்களை ரோட்டுக்கு ஏற்றுவார்கள். மச்சானுக்கு இளைப்பு. பேசும்போதே நெஞ்சில் விசில் கேட்கும். ஒரு மழைக்காலத்தில் அந்த இளைப்பிலேயே போய்விட்டார்.

அவர் போன இரண்டாவது மாதம் ஜீப் சேற்றில் நின்றது. அக்கா ஃபோர் வீல் போட்டால் டேஷ்போர்டில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது, நிலைக்கவில்லை. முன் சக்கரம் இரண்டும் சும்மா கிடக்க, பின் சக்கரம் மட்டும் சேற்றை வாரி இறைத்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஸ்ஸ்... ஹ... ஸ்ஸ்... ஹ. இளைப்புக்காரர் மூச்சு இழுக்கிற சத்தம்.

நானும் கேட்டேன். பட்டப்பகலில் எனக்குக் கை மயிரெல்லாம் நட்டுக்கொண்டது. அது மச்சானேதான்.

அதற்கப்புறம் அக்கா தினமும் மத்தியானம், இழுத்து வந்து வாசலில் நிறுத்திய ஜீப்பில் போய் உட்கார்ந்து, எஞ்சினை ஓடவிட்டு, ஃபோர் வீல் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள். மூன்று மெக்கானிக்குகள் வந்தார்கள். மூன்று பேருக்கும் காபி கொடுத்து, பானெட்டைத் தொடவிடாமல் அனுப்பிவிட்டாள்.

"தொறந்தா போயிருவாருடா தம்பி" என்றாள்.

அடுத்த மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஜீப் பள்ளம் ஏறவில்லையென்றால் விற்றாக வேண்டும். சரிசெய்தால் மூச்சு நின்றுவிடும். இரண்டில் எது நடந்தாலும் அவளுக்கு மச்சான் இரண்டாம் தடவை சாவார். அதனால்தான் வண்டியிடம் கேட்காமல் திறக்காத கோன்காரரைக் கூப்பிட்டேன்; அவரை மட்டும் அக்கா தடுக்கவில்லை.

கோன்காரர் வந்த அன்று வானம் கறுத்துக் கிடந்தது. கரண்ட் போய், அக்கம்பக்கத்து மிஷின் எல்லாம் நின்றிருந்தது. எங்கள் ஊரில் சத்தம் கேட்டால் யாரும் பயப்பட மாட்டார்கள், நின்றால்தான் பயம். அவர் பம்பரைத் தொட்டுக் கேட்டார். வெகுநேரம் நின்றார். பிறகு தலையாட்டிவிட்டு வேலையை ஆரம்பித்தார்.

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஃபோர் வீல் போட்டு, அடியில் படுத்துப் பார்த்தார்.

"கியர் பொட்டி நல்லா இருக்குதுங்க. முன்னாடி போற தண்டும் சுத்துதுங்க. வீலுக்கிட்ட வந்துதான் கை கோக்க மாட்டீங்குது."

எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது, ஒரு மெல்லிய ரப்பர் குழாய் வழியாக அந்த இழுப்பு முன் அச்சுக்கு வந்து, தண்டையும் சக்கரத்தையும் சேர்க்கிற பூட்டைப் போட வேண்டுமாம். குழாயின் அச்சுப்பக்க முனையைத் தன் வாயில் வைக்கப் போனவர், சட்டென்று நிறுத்தி, வேறொரு குழாயை அச்சில் மாட்டி உறிஞ்சினார். "டக்" என்று பூட்டு விழுந்தது.

"ஏனுங்க, அதுல உறிஞ்சலீங்க?" என்றேன்.

"அதுல வேறொருத்தர் இருக்கறாருங்க" என்றார், சாதாரணமாக.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

குழாய்களைப் பழையபடி மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, கோனைக் குழாயோரம் நகர்த்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் கோன் நின்றது. விரலை விட்டுத் துழாவினார். குழாய் அங்கே வெடித்திருந்தது. வெடிப்பின் மேல் யாரோ ஜட்டி எலாஸ்டிக்கை நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார்கள். எங்கள் திருப்பூர்ப் பக்கம் செருப்பு அறுந்தாலும் எலாஸ்டிக், பைக் சீட் கிழிந்தாலும் எலாஸ்டிக். எஞ்சின் சூடேறினால் இது தொளதொளத்துப்போகும். காற்று அந்த இடுக்கில் புகுந்து எலாஸ்டிக்கை இழுக்கும், விடும். அதுதான் ஸ்ஸ்... ஹ.

அக்கா எழுந்து வந்து பார்த்தாள்.

"அவரு போட்ட முடிச்சுங்க இது. இடதுகையில முடிவாரு."

கோன்காரர் நிமிர்ந்தார். "அம்மிணி, இதை எடுத்தாத்தான் வண்டி ஏறுமுங்க. எடுக்கட்டுங்களா? வேண்டாம்னா இப்பவே மூடிர்றனுங்க."

அக்கா அந்த முடிச்சை விரலால் தொட்டாள். அவர் அதைப் பார்த்தார். பிறகு, சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்தக் கோனை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

அக்கா அதை முடிச்சின் மேல் வைத்து, காதைக் கொடுத்துக் கண்ணை மூடினாள். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. அவள் கன்னத்தில் வழிந்தது அட்டையில் இறங்கி ஊறியது. கடைசியில், "கழட்டிருங்க" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஜீப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

புதுக் குழாய் மாட்டியதும் மழை இறங்கியது. கோன்காரரே ஓட்டினார். பள்ளத்துச் சேற்றில் இறக்கி ஃபோர் வீல் போட்டார். பச்சை விளக்கு மினுக்காமல் நின்று எரிந்தது. நாலு சக்கரமும் பிடித்து, வண்டி ஏறி வந்தது. எஞ்சின் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. அக்கா முகம் செத்துப்போயிருந்தது.

வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்தார். ஈரக் கோனை பானெட்டில் வைத்துக் கேட்டார். திரும்பி அக்காவைப் பார்த்துச் சொன்னார்:

"இளைப்பு நின்னுருச்சுங்க அம்மிணி. இப்ப சொகமா இருக்கறாருங்க."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "செரிங்க, சாப்பிட்டுட்டுப் போங்க" என்று ஊட்டுக்குள் போனாள். ஒரு வருஷம் கழித்து அவள் வாயில் சாப்பாடு என்ற வார்த்தை வந்தது அன்றுதான்.

திரும்பும்போது பைக்கில் என் பின்னால் உட்கார்ந்திருந்தவரிடம், "நெசமா என்னங்க கேட்டுச்சு?" என்றேன்.

"ஒண்ணும் கேக்கலீங்க தம்பி. அந்தப் புள்ள மொகத்தைப் பாத்தேன், வாயில வந்ததைச் சொல்லிப்போட்டேன்." கொஞ்ச தூரம் போனதும், "ஆனா கோனை எடுத்தப்பறம், எம் பொறத்தால யாரோ நல்லா மூச்சை இழுத்து வுட்டாப்பல இருந்துச்சு. நீங்கதானுங்களே?" என்றார்.

அப்போது நான் ஜீப்புக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தேன். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. "ஆமாங்க, நான்தான்" என்று சொல்லிவிட்டேன்.

ரோட்டில் இறக்கிவிட்டபோது அந்த மனுஷனை அப்படியே கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. சட்டையெல்லாம் கிரீஸாகிவிடும் என்று நினைத்து விட்டுவிட்டேன். ஒரு சட்டை போனால் போகிறதென்று அன்றைக்கே கட்டிப்பிடித்திருக்கலாம்.