புளி போட்டு மினுக்கிய துப்பாக்கி

ஒரு பொருளைப் பற்றி மூன்று கட்டுரை எழுதிவிட்டால் அதில் நிபுணராகிவிட்டோம் என்று நம்புவது பத்திரிகைக்காரர்களைப் பிடிக்கும் வியாதி. எனக்கு அது முற்றியிருந்தபோது, ஞாயிற்றுச் சந்தை ஒன்றில் ஐரோப்பியத் திரித்துப்பாக்கி வாங்கினேன்.

சக்கிமுக்கிக் கல் துப்பாக்கிகளுக்கும் முந்தியது இது. பாம்புபோல் வளைந்த கொக்கி ஒன்று எரியும் திரியைக் கவ்வியிருக்கும். விசையை இழுத்தால் கொக்கி குனிந்து மருந்துக்கு நெருப்பு வைக்கும். பாரிஸின் ரூ காய் தெருவில் இருக்கும் என் கணவரின் மளிகைக் கடைக்கு வெண்டிக்காய் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் இதை விளக்கினேன். (பிறகு சிலர் அடுத்த கடையில் வாங்கத் தொடங்கினார்கள்.)

பாரிஸில் பழைய ஆயுதம் சேகரிப்பவர்களின் வட்டம் ஒன்று இருக்கிறது. தன் சேகரிப்பிலிருந்து ஒரு பொருளை அவர்கள் முன் வைத்துத் தேறுபவரே உறுப்பினர். நம்மவர் யாரும் அதில் இல்லை. வரலாற்று ஆர்வத்தால் விண்ணப்பித்தேன் என்று சொல்லித் திரிந்தேன். உண்மையில், கல்யாண மண்டபங்களில் ‘கடைக்கார அண்ணையின்ரை மனிசி’ என்று அறிமுகமாவது எனக்கு அலுத்திருந்தது.

கூட்டம் சனிக்கிழமை. எங்கள் வாரப் பத்திரிகையோ வியாழனே அச்சுக்குப் போய்விடும். எனவே ‘ஆயுதச் சேகரிப்பாளர் வட்டத்தில் சேர்ந்தார் முதல் தமிழ்ப் பெண்’ என்ற செய்தியை நானே எழுதி, நானே திருத்தி, முன்கூட்டியே அனுப்பிவிட்டேன்.

மிச்சம் இருந்தது அடுத்த இதழுக்கான படம். துருவேறிக் கறல் பிடித்த துப்பாக்கி படத்தில் எடுபடாது. வெள்ளிக்கிழமை அதைக் குளியல் தொட்டியில் கிடத்தி, குத்துவிளக்குத் துலக்குவதுபோல் புளி போட்டுத் தேய்த்தேன்.

கணவர் வாசலில் நின்று பார்த்தார்.

“இஞ்சாரும், பழைய இரும்பை மினுக்கக்கூடாது, கறல்தான் அதின்ரை வயசு எண்டு நீர்தானே பேப்பரிலை எழுதினனீர்?”

“அது வாசிக்கிற சனத்துக்கு. சபைக்கு அழுக்கோடை போறதே?”

கறல் சந்தேகப்படும்படி சுலபமாகக் கழன்றது. அடியில் கூட்டல் குறி வெட்டிய திருகாணிகள் தெரிந்தன.

“உது எங்கடை கடை றாக்கையிலை பூட்டின ஆணியெல்லே?”

“பிற்காலத்திலை ஆரோ திருத்தியிருக்கினம். உங்களுக்கு விளங்காது.”

அடுத்தவர் செய்தியில் காற்புள்ளிப் பிழையைக்கூட விடாத கண், தன் செய்திக்கு இடைஞ்சல் என்றால் தானாக மூடிக்கொள்கிறது.

சனிக்கிழமை மகளையும் படம்பிடிக்க அழைத்துக்கொண்டு போனேன். வட்டத்தின் பெரியவர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தார்கள். உடம்பில் ஒரு தூசி இல்லாத, ஆனால் துப்பாக்கியில் தூசி இருந்தால் மகிழும் மனிதர்கள். சோதிக்க வந்தவர் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு மூதாட்டி. துப்பாக்கியை எடுத்தவர் முதலில் மோந்து பார்த்தார்.

“எதைப் போட்டுத் துலக்கினீர்கள்?”

“புளி.”

ஒரு பெரியவர் நெஞ்சில் கைவைத்தார். இன்னொருவர் தலையைத் திருப்பிக்கொண்டார். அவர்களுக்குப் பழைய இரும்பின் நிறத்தைச் சுரண்டுவது கொலைக்கு அடுத்த குற்றம்.

மூதாட்டி மட்டும் பதறவில்லை. மருந்துக் கிண்ணத்திலிருந்து குழலுக்குள் நெருப்புப் போகும் சிறு துளையில் ஊசியொன்றை விட்டார். ஊசி போகவில்லை. அங்கே துளையே இல்லை, வெறும் பள்ளம். திருகாணிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“கவலைப்படாதீர்கள் மதாம். நீங்கள் எதையும் அழிக்கவில்லை. இது உணவகச் சுவரில் மாட்டுவதற்காகச் செய்தது. அந்தக் கறலும் பூச்சுத்தான்.”

நெஞ்சில் கைவைத்தவர் நிம்மதியோடு கையை எடுத்தார். மகள் அந்தக் கணத்தையும் படம் பிடித்தாள்.

எங்கள் கடைத்தெருவான லா சப்பலுக்குத் திரும்பியபோது எங்கள் பத்திரிகை எல்லாக் கடையிலும் கிடந்தது. என் கணவரின் கடையில் வாழைப்பழத்துக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி. “வாழ்த்துக்கள் அக்கா!” என்றார்கள், வெண்டிக்காய்க்காரர்கள் உட்பட. அடுத்த இதழுக்கான திருத்தத்தையும் நானே எழுதினேன்: ‘சென்ற வாரச் செய்தியில் சேர்ந்தார் என்பதைச் சென்றார் என வாசிக்கவும்.’

அதன்பின் வீட்டில் என் கையால் தட்டு உடைந்தாலும், கறி அடிப்பிடித்தாலும், மகள் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பிரெஞ்சில் தொடங்குவாள்: “கவலைப்படாதீர்கள் மதாம், நீங்கள் எதையும் அழிக்கவில்லை.” கணவரும் அதை மனப்பாடம் செய்துவிட்டார். அவர் பிழையில்லாமல் பேசும் ஒரே பிரெஞ்சு வசனம் அதுதான்.

போன மாதம் ஒபர்வில்லியேக்குச் சரக்கெடுக்கப் போனபோது அவருடைய புது வான் வண்டியை நான் ஓட்டினேன். கிடங்கு வாசல் தூணில் இடித்தது. அவர் இறங்கினார். முன்பக்கத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். நான் அந்த வசனத்துக்காகக் காத்திருந்தேன்.

அன்று மட்டும் அவர் அதைச் சொல்லவில்லை.