எட்டுத் தொட்டிப் புல்

அடி அண்ணாமலை
20.1.1999

அன்பும் மரியாதையும் மிகுந்த காசி அண்ணாவுக்கு, தங்கை ஆதிலட்சுமி வணங்கி எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் இங்கே அனைவரும் சுகம். கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதால் எழுதினேன். எனக்கு மட்டும் ஒரு வாரமாகச் சுகமில்லை. இதைப் படித்ததும் அண்ணியிடம்கூடக் காட்டாமல் மடித்து வைத்துவிடுங்கள்.

நம் பிள்ளை அருண்பிரசாத்துக்கு நீங்கள் பார்த்து முடித்த பெண் கீர்த்தனா தோட்டக்கலை படித்தவள் என்று பெருமையாகச் சொன்னீர்களே, அந்தப் படிப்புதான் எனக்கு வினையாகிவிட்டது. அவள் அப்பாவுக்கு ஓசூருக்கு மாற்றல் வந்து, அங்கே மாடி வீட்டில் இடமில்லை என்று, மாசியில் கல்யாணமாகி அவளே வரும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லி, கார்த்திகை தீபக் கூட்டம் கலைந்ததும் எட்டுத் தொட்டிகளை வேனில் அனுப்பிவைத்தார்கள். ரோஜாவோ குரோட்டன்ஸோ என்று ஓடிப்போய்ப் பார்த்தால், எட்டிலும் புல். அழகுக்கு வளர்க்கிற புல்லாம். ஒன்று சிவப்பாக நரிவால் மாதிரி கதிர் விட்டிருந்தது, மூன்றில் வெள்ளைக் கோடு, மற்றதெல்லாம் எண்ணெய் வைக்காத தலைமுடி போலக் கலைந்து கிடந்தது. என் வீட்டுக்காரர், உங்கள் மாப்பிள்ளை, சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மூணு தலைமுறையா புல்லைப் புடுங்கித்தான் நாம சோறு துன்னோம். இப்ப அதுக்குத் தொட்டி வெச்சுத் தண்ணி ஊத்தணுமா?" என்றார்.

நான் ஊற்றினேன் அண்ணா. வெயில் ஜாஸ்தி, தண்ணீர் கம்மி என்று அவள் எழுதி அனுப்பிய சீட்டைச் சாமி படத்துக்குக் கீழே ஒட்டிவைத்து, அதன்படியே செய்தேன். சனிக்கிழமை தவறாமல் மளிகைக் கடைக்குப் போன் பண்ணி, "அத்தை, புல்லு எப்படி இருக்கு?" என்பாள். அதற்கப்புறம்தான் அருணைப் பற்றிக் கேட்பாள்.

போகிக்கு வாசல் கூட்ட, நம் வயலில் களையெடுக்கிற பச்சையம்மாளை வரச்சொல்லிவிட்டு, நான் பொங்கல் பானை வாங்க டவுனுக்குப் போனேன். திரும்பி வந்தால் ஏழு தொட்டி மொட்டை. "அக்கா, ஒரே களை மண்டிக் கெடந்துச்சு, வேரோட எடுத்துட்டேன். செவப்பு மட்டும் பூச்செடின்னு வுட்டுட்டேன்" என்கிறாள். அவள்மேல் என்ன தப்பு? ஒரு புல்கூட இருக்கக் கூடாது என்று வயலில் அவளை இருபது வருஷமாக விரட்டியவள் நான்தானே. பிடுங்கியது எங்கேடி என்றால், மாட்டுக்குப் போட்டாளாம். கொட்டகைக்கு ஓடினேன், மாடு நிம்மதியா அசை போட்டுக்கிட்டு நிக்குது. மாட்டுப் பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அதைத் திட்டவும் மனசு வரல.

அப்புறம் உங்கள் மாப்பிள்ளை ஏரிக்கரைக்குப் போய் நாணலை மண்ணோடு பெயர்த்து வந்து ஏழு தொட்டியிலும் நட்டுவிட்டார். "புல்லுக்கும் புல்லுக்கும் இன்னாடி வித்தியாசம்?" என்கிறார். சனிக்கிழமை போன் வந்தது. "நல்லா இருக்கும்மா" என்று என் வாய் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அருணுக்கு எதுவும் தெரியாது. வேங்கிக்கால் ஆபீஸ் விட்டு வந்ததும் அந்த நாணலுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்து தனியாகச் சிரிக்கிறான். வருகிற ஞாயிறு கல்யாணப் பத்திரிகை வாசகம் பார்க்கப் பெண்ணும் அம்மாவும் வருகிறார்கள். புல்லையே காப்பாத்தாதவங்க பொண்ணை எப்படிக் காப்பாத்துவாங்கன்னு அந்தம்மா கேட்டுட்டா நான் எங்கே போய் முட்டிக்கிறது?

அதனால், கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் பக்கம்தானே, நீங்கள் உடனே போய், எனக்கு அம்மை போட்டிருக்கிறது, யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆத்தா மன்னிப்பாள்.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஆதிலட்சுமி

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். ஓசூர் போக வேண்டாம், எனக்கு அம்மையும் இல்லை. இதைத் தபாலில் போடக் கிளம்பும்போதே பெண்ணும் அம்மாவும் ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார்கள். ஞாயிறு அவர்களுக்கு வேறொரு கல்யாணமாம். கீர்த்தனா நேரே தொட்டிகளிடம் போய், குனிந்து, ஒரு புல்தாளைத் தடவிப் பார்த்தாள். "எவ்ளோ செழிப்பா வெச்சிருக்கீங்க அத்தை! எங்க வீட்ல இப்படி வந்ததே இல்ல" என்றாள். அவள் அம்மாவும் பூரித்துப்போனார். கிளம்பும்போது மட்டும் கீர்த்தனா என் கையைப் பிடித்து, காதோரமாக, "இனிமே தண்ணி ஜாஸ்தியா ஊத்துங்க அத்தை, இது நிறையக் குடிக்கும்" என்றாள். "ஏரிப் புல்லுன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சுடி. அம்மா முன்னாடி உன்னக் காட்டிக்குடுக்கல" என்கிறார் உங்கள் மாப்பிள்ளை. அண்ணா, தெரியாமல் சொன்னாள் என்றால் அவள் என்னதான் படித்தாள் என்று பயமாக இருக்கிறது. தெரிஞ்சே சொன்னான்னா, இவ்வளவு கெட்டிக்காரிக்கு நான் எப்படி மாமியாரா இருக்கப்போறேன்? எது நிஜம்னு நைசா விசாரிச்சு எழுதுங்க.