சுரண்டி நைனாவும் கத்திரிப்பூக் கோடும்

பொய் சொல்லவே தெரியாத மனிதர் ஒருவரைத்தான் என் ஆயுளில் பார்த்திருக்கிறேன். அவரோடு சில வாரங்கள் பழகிய பிறகு, பொய் சொல்பவர்கள் மேல் எனக்கு அளவு கடந்த மரியாதை ஏற்பட்டுவிட்டது. அவர்கள் இல்லாவிட்டால் இந்த உலகத்தில் பாதிக் கல்யாணங்கள் நடந்திருக்காது. என்னுடையது நிச்சயமாக நடந்திருக்காது.

அந்தப் புண்ணியவானுக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று பூந்தமல்லியில் யாருக்கும் தெரியாது. சுரண்டி நைனா என்றால் கைக்குழந்தைகூட வழி காட்டும். டிரங்க் ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்டு மோட்டார் வண்டிகளுக்கு வர்ணம் அடிப்பது அவர் தொழில். வெள்ளைக்காரன் ஆண்ட காலம். மோட்டார் வண்டி வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவே மிச்ச நேரத்தில் அவர் ஊரைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

சுரண்டுவது என்றதும் லஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். இவர் நிஜமாகவே சுரண்டுவார். கட்டைவிரல் நகத்தை உளி மாதிரி வளர்த்து வைத்திருந்தார். எந்தப் பூச்சைக் கண்டாலும், அடியில் என்ன நிறம் என்று பார்த்தாக வேண்டும். பார்க்காவிட்டால் அன்று சோறு இறங்காது.

“மேல கீறது வேசம் தம்பி. உள்ள கீறதுதான் ஒரிஜினல்” என்பார்.

வெள்ளைக்கார அதிகாரி பார்வையிட வருகிறாரென்று போலீஸ் ஸ்டேஷன் கதவுக்குப் புது வர்ணம் அடித்திருந்தார்கள். சுரண்டி நைனா அதில் உள்ளங்கை அகலத்துக்கு வேலையைக் காட்டிவிட்டார். சப்-இன்ஸ்பெக்டர் அலறிக்கொண்டு ஓடிவந்தார்.

“யோவ்! இன்னாய்யா பண்றே?”

“உள்ள ஜம்முனு பச்ச கீது சார். இன்னாத்துக்கு செவப்பு அடிச்சீங்க?”

லாக்கப்பில் போட்டார்கள். மறுநாள் வெளியே வந்தவரிடம், அடித்தார்களா என்று ஊரே பதறிக் கேட்டது. “லாக்கப் செவுத்துக்கு அடில நீலம் கீதுப்பா. இன்னா நீலம்!” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

பால்காரனின் செம்பில் விரலை விட்டு, “தண்ணி ஒரிஜினல்தான், பால்தான் கலப்படம்” என்று தீர்ப்புச் சொன்னதும் இவரே. ஒரு கல்யாணத்தில் மணமேடை ஏறி, மாப்பிள்ளையின் கன்னத்துப் பவுடரை ஒரு இழுப்பு இழுத்து, “உள்ள வேற கலர் கீது, பாத்துக்கங்கோ” என்று பெண் வீட்டாரை எச்சரித்ததும் இவரே. அதற்குப் பிறகு அவருக்குப் பத்திரிகை வைப்பதை ஊர் நிறுத்திவிட்டது.

இப்பேர்ப்பட்டவரிடம்தான் என் வருங்கால மாமனார் தம் மோட்டார் வண்டியை ஒப்படைத்தார்.

மாமனாருக்கு அயனம்பாக்கம். ஏரிப் பாசனத்தில் நல்ல நிலம், நல்ல மனசு, ஒரே பெண். அந்த வண்டியை அவர் பட்டணத்தில் ஏலத்தில் எடுத்திருந்தார். “பெரிய பெரிய தொரைமாருங்க போன வண்டி” என்று ஏலக்காரன் சத்தியம் செய்து கொடுத்தானாம். அப்படி ஒரு நீளமான வண்டியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பின்பக்கத் தரையில் பித்தளை உருளைகள் பதித்திருந்தார்கள். மாமனார் வாழைத்தாரை வாசலில் வைத்து ஒரு தள்ளு தள்ளுவார். அது வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும்.

“பாத்தீங்களா மாப்ளே! தொர மூளைன்னா தொர மூளைதான்.”

வண்டி நடக்கிற வேகத்துக்கு மேல் போகாது. அதுவும் பெருமைதான்: “அவசரப்படாத வண்டி மாப்ளே. கௌரதையான வண்டி.” பூந்தமல்லி மாதா கோயில் தெருவில் அது போகும்போது வயசானவர்கள் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றுவார்கள். மாமனார் இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டே போவார்.

மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த வண்டியில்தான் நான் ஊர்வலம் போகவேண்டும் என்று முடிவாயிற்று. ஆனால் அது அடிவாங்கிக் கிடந்தது. யார் யாரோ எதை எதையோ பூசியிருந்தார்கள். கடைசியாக மாமனாரே மாட்டு வண்டிக்கு வாங்கிய காவியில் மிச்சத்தை அதன் தலையில் கட்டியிருந்தார். இப்போது, சீமையிலிருந்து கப்பலில் வந்து இறங்கியபோது எப்படி இருந்ததோ அப்படியே ஆகவேண்டும் என்றார். உடம்பு கறுப்பு, அதில் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் வண்டியின் இடுப்பைச் சுற்றி ஓடிய கோட்டில். வேட்டிக்குக் கரை மாதிரி மோட்டாருக்கு அந்தக் கோடு. அது என்ன நிறம்? மாமியார் அரக்கு என்றார். மாமனார் தங்கம் என்றார். படித்தவன் என்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். எனக்கு வேட்டியில் நீலம் போட்டிருக்கிறதா இல்லையா என்பதுவரைதான் நிறஞானம்.

நான் அயனம்பாக்கம் போய்ச் சேர்ந்தபோது, மாமனார் வீட்டு வாசலில் சுரண்டி நைனா வண்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நின்றார். முகத்தருகே வந்தார். நான் வணக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் கட்டைவிரலால் என் மீசையை ஒரு தேய்ப்பு.

“மையி” என்றார், விரலைச் சூரியனுக்குக் காட்டி. “உள்ள நர கீது.”

முப்பதைத் தாண்டியவன் நான். பெண் பார்க்க வந்தபோதே மை தடவிக்கொண்டுதான் வந்திருந்தேன். மாமனார் வானத்தைப் பார்த்தார். ஜன்னலுக்குப் பின்னாலிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு. பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான மீசையோடு நான் திரும்பினேன். அவள் ஜன்னலை மூடவில்லை. இன்னும் சிரித்துக்கொண்டேயிருந்தாள். அந்த நிமிஷத்தில் முடிவு செய்தேன்: கட்டினால் இவளைத்தான் கட்டுவது.

இதற்கு ஒரே முட்டுக்கட்டை என் பெரியப்பா. ஆவடியில் எங்கள் குடும்பத்துக்கு அவர்தான் தலை. எனக்கு முன்பு நிச்சயமாகியிருந்த இரண்டு சம்பந்தங்களை நிறுத்தியவர். ஒன்றைப் பல்லி சொன்னதால், இன்னொன்றைப் பல்லி சொல்லாததால். தாலி கட்டுவதற்கு முன்னால் ஒரு சகுனத் தடை தெரிந்தாலும் போதும், ‘ஏறுடா வண்டியில, போலாம்’ என்று எழுந்துவிடுவார்.

வண்டி கொட்டகைக்குப் போயிற்று. ஒரு மத்தியானம் என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார் சுரண்டி நைனா. மண்ணெண்ணெய்த் துணியும் நகமுமாக முன்கதவில் குனிந்திருந்தார். காவியை எடுத்தார், அடியில் பச்சை. பச்சையை எடுத்தார், அடியில் சந்தன மஞ்சள். அதையும் எடுத்தார். கறுப்பின் மேல் விரல் அகலத்துக்கு ஒரு கோடு, இரண்டு ஓரமும் மெல்லிய வெள்ளி. கத்திரிப்பூ நிறம். இத்தனை பூச்சுக்கும் அடியில் அது நேற்றுப் பூத்ததுபோல இருந்தது.

“அழகு நைனா! கெடச்சிடுச்சே. போதும்” என்றேன்.

“இரு தம்பி. நடுவால இன்னமோ கீது.”

“கோடுதானே வேணும்? விடுங்களேன்.”

விடுவாரா? கதவின் நடுவில் துணியை வைத்துத் தேய்த்தார். வெள்ளையாக ஒரு முனை தெரிந்தது. இன்னும் தேய்த்தார். குறுக்கே ஒரு பட்டை. கையகலச் சிலுவை ஒன்று எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றது.

நான் அங்கிருந்த டப்பாவின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் வர்ணம் இருந்தது அப்புறம்தான் தெரிந்தது. வண்டியின் நீளம். பித்தளை உருளை. நடக்கிற வேகம். எழுந்து நின்று கழற்றிய தொப்பிகள். ஏலக்காரன் பொய் சொல்லவில்லை; பெரிய பெரிய துரைமார் அதில் போனது சத்தியம். ஒவ்வொருவரும் ஒரே ஒரு தடவை, பெட்டிக்குள், படுத்தபடி.

“நைனா... இது சவ வண்டி!”

“ஆமா” என்றார், மழை வருகிறது என்பதுபோல. “ஒரிஜினல் சவ வண்டி.”

“ஐயோ! இதுல நான் மாப்பிள்ளை ஊர்வலம் போகணுமே!”

“குந்திகினுதானே போற? படுத்துகினா போற?”

“கோட்டைத் தங்க நிறத்துல போட்டுடுங்க. மாமா கேட்டதும் தங்கம்தானே?”

அவர் முகம் கறுத்துவிட்டது. “இன்னா பேசுற தம்பி? ஒரிஜினல்னு கேட்டாரு. உள்ள கத்திரிப்பூ கீது. நான் தங்கம்னு போட்டா, அது என் கையாலயே பொய்யி. இந்தக் கை அதுக்கு எந்திரிக்காது.”

“அப்ப அந்தச் சிலுவை?”

“அதுவும்தான்.”

காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். பெரியப்பாவைச் சொன்னேன், இரண்டு பல்லிகளையும் சொன்னேன். ஜன்னலையும் சொன்னேன். அவர் துணியை மடித்துச் சிலுவையின் மேல் வைத்தார்.

“ஒங்க மாமனாரு கேட்டது கோடு. சிலுவ கேக்கல. அத்த மூடிடறேன்” என்றார் கடைசியில். “ஆனா தம்பி, எவனாச்சும் இன்னா ஏதுன்னு கேட்டா, சொல்லிடுவேன். கேக்காங்காட்டி வாயத் தொறக்க மாட்டேன்.”

அதற்கு மேல் அவரிடம் பெயராது. மாமனாரிடம் சொல்லலாமென்றால், மனிதர் அவமானத்தில் கல்யாணத்தையே தள்ளிப்போட்டுவிடுவார். யாரும் எதுவும் கேட்கக்கூடாதே என்பதுதான் அன்றிலிருந்து என் ஒரே பிரார்த்தனை.

ஊர்வலத்தன்று சாயங்காலம் வண்டி வந்து நின்றபோது கூட்டமே வாயைப் பிளந்தது. கறுப்பில் முகம் பார்க்கலாம். இடுப்பில் கத்திரிப்பூக் கோடு, வெள்ளி ஓரம். “தொர ரசனையே தனி” என்று மாமனார் பூரித்தார். உருளைகளின் மேல் பலகையும் மெத்தையும் போட்டிருந்த பின்பக்கத்தில் நான் ஏறினேன், பக்கத்தில் பெரியப்பா. வர்ணத்தில் எவனும் கை வைக்காமலிருக்க சுரண்டி நைனா கால்பலகையில் தொற்றிக்கொண்டார். கழுத்து மாலைக்கு அடியில் எனக்கு வேர்த்துக்கொட்டியது.

பூந்தமல்லியில் பேண்டு என்றால் அந்தோணி மாஸ்டர் கோஷ்டிதான். கல்யாணத்துக்கும் அவர்கள்தான், சாவுக்கும் அவர்கள்தான். அன்று குதூகலமாக ஆரம்பித்தார்கள். தெருமுனையில் மாஸ்டர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். காஸ் லைட் வெளிச்சத்தில் கோடு பளபளத்தது. எத்தனை வருஷம் அந்தக் கோட்டுக்கு முன்னால் நடந்தவரோ! அவர் கை தானாகத் தொப்பியைக் கழற்றியது. பிகிலின் சுருதி இறங்கியது. தொம்... தொம்... என்று டிரம் விட்டுவிட்டு விழுந்தது. பின்னால் வந்த ஜனங்கள் ஏனென்று தெரியாமலே தலைகுனிந்து நடந்தார்கள். அதுவரை இருமிக்கொண்டிருந்த வண்டியோ, அந்தத் தாளம் காதில் விழுந்ததும் தேன் வழிவதுபோல் போக ஆரம்பித்தது.

பெரியப்பா என் தொடையைப் பிடித்தார். “டேய், இது இன்னாடா பாட்டு? வயித்தக் கலக்குதே!”

நான் மாலையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். பெரியப்பா வெளியே தலையை நீட்டினார். “யோவ், பெயிண்டரு! ஒனக்குத் தெரியுமா? இது இன்னாய்யா பாட்டு?”

கேட்டுவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஜன்னல் தெரிந்தது, அது மெல்லச் சாத்திக்கொள்வதும் தெரிந்தது. கண்ணைத் திறந்தேன். சுரண்டி நைனா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சீமைல... தொரைங்க கல்யாணத்துல இத்தான் வாசிப்பாங்க சாமி.”

“நெசமாவா?”

“ஒரிஜினல் பாட்டு” என்றார். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்து அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். “அப்படிச் சொல்லு! டேய், இன்னும் கொஞ்சம் மெதுவாப் போவச் சொல்லுடா!”

சத்திரத்தில் பந்தி நடந்தது. சுரண்டி நைனாவைக் காணோம். மாலையும் கழுத்துமாகத் தேடிப் போனேன். கொல்லையில் வண்டிக்குப் பின்னால் இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதையும் தொடவில்லை.

“என்ன நைனா, சாப்பிடலியா?”

“எறங்கல தம்பி.” பாயசத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “மொத தபா பாரு. நாக்குல ருசியே தெரில.”

பட்டு வேட்டியோடு அவர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். உள்ளே மாப்பிள்ளையைக் காணோம் என்று கூச்சல் கிளம்பியது. அவர் ஒரு வாய் எடுத்து வைக்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை.