கடப்பாரை பிரித்த சீலிங்

இனி அந்த அறைக்குள் கால் வைப்பதில்லை என்று கடப்பாரை சபதம் போட்டபோது, அதைக் கேட்க வீட்டில் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம் இருந்தாள். அவர் மனைவி.

கடப்பாரை என்பது தெரு வைத்த பெயர். பழைய வீடுகளை விலைக்கு வாங்கிப் பிரித்து, கதவு, ஜன்னல், கட்டை என்று விற்கிற தொழில். கையில் இருப்பதும் கடப்பாரை, வாயில் இருப்பதும் கடப்பாரை. பேரம் பேசாமல் அவர் கத்தரிக்காய்கூட வாங்கியதில்லை.

அந்த அறையில்தான் அவருடைய ஒரே மகள் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தாள். அப்போதும் பேரம் பேசினார். டாக்டரிடம் பேசினார், கடவுளிடம் பேசினார். இரண்டு பேரும் இறங்கி வரவில்லை. பிள்ளை போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவர் கூடத்தில், மனைவி அந்த அறையில். நடுவில் ஒரு கதவு. அந்தப் பக்கம் திரும்பாமல் நடந்து நடந்து அவர் கழுத்தே ஒரு பக்கமாகக் கோணிவிட்டது. உள்ளே அவள் அழுவாள். வெளியே இவர் டிவி சத்தத்தைக் கூட்டுவார்.

"எனக்கு மட்டுமா அவ பொண்ணு? நான் மட்டும் தனியா அழணுமா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"டீயில சர்க்கரை கம்மி" என்றார் அவர்.

அவள் சர்க்கரை போட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை. அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தாள்.

"ஏங்க, உள்ள அந்தப் பலகை சீலிங்கைப் பிரிச்சிடலாம்னு இருக்கேன். மேல இருக்கிற உத்தரமெல்லாம் வெளிய தெரியட்டும்."

"எதுக்கு?"

"அவ கேட்டுக்கிட்டே இருந்தாளே. 'அப்பா ஊர் வீட்டையெல்லாம் பிரிக்கிறாரு, நம்ம சீலிங்குக்கு மேல என்ன இருக்குன்னு அவருக்கே தெரியல'ன்னு. நீங்களும், 'நீ எழுந்து உட்காரு, அன்னைக்கே பிரிச்சுக் காட்டுறேன்'னீங்க."

அவர் அவசரமாகச் செருப்பைத் தேடினார். காலில்தான் இருந்தது.

"பிரிச்சுக்கோ. என்னைக் கூப்பிடாதே."

"உங்களை யாரு கூப்பிட்டா? தம்பி வர்றான்."

"உன் தம்பியா? அந்த டெய்லரா?"

"டெய்லர்னா என்ன? தினமும் எத்தனை தையல் பிரிக்கிறான்!"

"ஆணியை அடிக்கணுமா நெம்பணுமான்னே தெரியாதேடி அவனுக்கு!"

"உங்களுக்கென்ன? நீங்கதான் உள்ளயே வரமாட்டீங்களே."

மைத்துனன் வந்தான். சுத்தியலைக் கத்தரிக்கோல் மாதிரிப் பிடித்திருந்தான். அக்காவும் தம்பியும் உள்ளே போனார்கள். கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

டம். டம். டம்.

கடப்பாரைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மரத்தின் குரல் தெரிந்தவர் அவர். அடிபடுவது நல்ல மரம். அடிப்பவன் முட்டாள்.

"டேய்! அடிக்காதே! நெம்பு!"

"சரிங்க மாமா!" டம்.

"ஓரத்துல இருந்து வாடா!"

"ஓரம்னா எது மாமா?" டம்.

"காலமெல்லாம் துணிக்கு ஓரம் அடிக்கிறவனுக்கு ஓரம் தெரியாதா?"

உள்ளே ஏதோ படாரென்று பிளந்தது. கூடவே மனைவியின் குரல்: "பரவாயில்லடா, உத்தரம்தானே. இன்னும் பலமாப் போடு."

உத்தரத்தையா! கடப்பாரை பாய்ந்தார். கதவைத் தள்ளினார். அறை நடுவில் போய் நின்றார்.

சீலிங் அப்படியே இருந்தது. ஒரு பலகைகூட அசையவில்லை. மைத்துனன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவர் கடைக் கட்டை ஒன்றையே துவம்சம் செய்துகொண்டிருந்தான்.

"அக்காதான் மாமா... நீங்க உள்ள வர்ற வரைக்கும் அடிக்கச் சொன்னா. கை வீங்கிப்போச்சு."

திட்ட வாயைத் திறந்தார். எதிரே கட்டில். மகளின் போர்வையை மனைவி மடித்துக்கூட வைக்கவில்லை. கோணிய கழுத்தை நிமிர்த்தி மேலே பார்த்தார். வெளுத்துப்போன பெயின்ட். மூலையில் மழைத்தண்ணீர் இறங்கிய பழுப்புக் கறை.

"இதையா பார்த்துக்கிட்டுக் கிடந்தா?"

"இதைத்தான்" என்றாள் மனைவி.

வேட்டியை மடித்துக் கட்டினார்.

"ஏணியைக் கொண்டாடா."

அன்று அவர் வேலை செய்தது மாதிரி எந்த வீட்டிலும் செய்ததில்லை. ஒவ்வொரு ஆணியையும் வலிக்காமல் எடுத்தார். ஒரு பலகையும் உடையவில்லை. தூசி கொட்டக் கொட்ட, வரிசையாக உத்தரங்கள் வெளியே வந்தன. கருத்து, தடித்து, உளி பட்ட தழும்போடு. கடைசிப் பலகையை இறக்கியதும் ஓடுகளுக்கு நடுவே ஒரு கண்ணாடி ஓடு தெரிந்தது. இத்தனை காலமும் சீலிங்கின் முதுகில் விழுந்து வீணாய்ப்போன வெயில், நேராகக் கட்டில் மேல் விழுந்தது.

காலியான கட்டில் மேல்.

ஏணியின் உச்சியில் உட்கார்ந்து கடப்பாரை அழுதார். அடுத்த வீட்டில் ஜன்னல் திறக்கிற அளவுக்கு அழுதார்.

மைத்துனன் மிரண்டுபோனான். "அக்கா, மாமா விழுந்துடப் போறாரு!"

"அழட்டும்டா. ஏணியை நல்லாப் பிடி" என்றாள். அவளும் அழுதுகொண்டுதான் பிடித்திருந்தாள்.

சாயங்காலம் அறையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து நின்றாள்.

"இனிமே இங்கயே படுங்க."

கடப்பாரைக்குத் தொழில் புத்தி திரும்பிவிட்டது. "இன்னைக்கு ஒரு ராத்திரி மட்டும்."

"ரெண்டு."

"ஒண்ணுன்னா ஒண்ணுதான்."

"சரி, ஒண்ணரை."

"ஒண்ணரை ராத்திரி எப்படிடி?"

"நாளைக்குப் பாதியில எழுந்து கூடத்துக்குப் போயிடுங்க. நான் கையைப் பிடிச்சு நிறுத்தமாட்டேன்."

அரை ராத்திரியைக் குறைத்துவிட்ட பெருமையில் பேரத்தை முடித்தார்.

மறுநாள் ராத்திரி அவர் சுவரோரம் படுத்தபிறகு, அவள் தன் பாயைக் கொண்டுவந்து கதவுக்குக் குறுக்கே விரித்து, நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். படுத்திருக்கிற ஆளைத் தாண்டிப் போகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.